ஓசை எங்கே தொலைகிறது? பேஸ் ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் பழுது தேடும் வழிகள்: ஓர் ஆய்வு

பேஸ் கிட்டாரை நேராக ஆம்ப்பில் செருகினால் ஓசை நிறைவாக வருகிறது. ஆம்ப்பின் பின்பக்கத்தில் சென்ட், ரிட்டர்ன் என்று எழுதிய இரண்டு ஜாக்குகளுக்கு நடுவே பெடல்களைக் கோத்ததும் ஓசை மெலிந்துவிடுகிறது. அல்லது ஓர் உறுமல் கிளம்புகிறது. அல்லது கீழ்ஸ்தாயியின் கனம் மட்டும் காணாமல் போகிறது. சில சமயம் பெடல்களை எல்லாம் கழற்றிய பிறகும் கோளாறு போவதில்லை. பழுது பெடலிலா, வயரிலா, ஆம்ப்பிலா, சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டிலா? நாற்பது ஆண்டுகளாக வாசிப்பவர்களும் ஆம்ப் மெக்கானிக்குகளும் ஒலிப் பொறியாளர்களும் இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். பதில்கள் ஒன்றோடொன்று மோதுவது போலத் தோன்றினாலும், ஒவ்வொன்றும் ஏதோ ஓர் அறிகுறியைச் சரியாகவே விளக்குகிறது. ஒரே பதிலை எல்லா அறிகுறிக்கும் பொருத்தப் பார்க்கும்போதுதான் வழி தவறுகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றுப் படுகையில் பரவிக் கிடக்கும் தோல் பதனிடும் நகரங்களில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளின் ஆராதனை, கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரி, திருவிழா மேடை, வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ரிவியேரா விழா என்று பேஸ் கிட்டார் ஒலிக்கும் இடங்கள் இங்கே பல. மேடைக்கு மேடை ஆம்ப் மாறும். மின்சாரம் ஒரு நாள் லைனில் வரும், மறுநாள் ஜெனரேட்டரில் வரும். சீரியல் விளக்குகளும் அதே லைனிலேயே எரியும். இவற்றோடு இந்தப் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்கள் சேர்கின்றன: காற்றில் கலக்கும் சல்ஃபைடு வாயு, நிலத்தில் ஊறிய உப்பு. பழுது தேடும் கையேடுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. அவை சொல்லும் காரணங்கள் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் எதை முதலில் சந்தேகிப்பது என்ற வரிசை ஊருக்கு ஊர் மாற வேண்டும் என்பதற்கு இந்தத் தோல் நகரங்கள் நல்ல சான்று.

லூப் வந்த கதை

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸ் கிட்டாரையும், அடுத்த ஆண்டு அதற்கென்றே பேஸ்மேன் ஆம்ப்பையும் கொண்டுவந்தார். அந்த ஆம்ப்பில் லூப் என்று எதுவும் கிடையாது. கிட்டார் செருக ஜாக், ஒலியளவுக்கும் தொனிக்கும் திருகுகள், அவ்வளவுதான். ஓசையைக் கிழிய விடும் எஃபெக்ட் பெடல் ஒரு பழுதிலிருந்து முளைத்தது. 1961-இல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாடல் ஒன்றில் கிரேடி மார்ட்டின் ஆறு கம்பி பேஸ் வாசித்தார். ஒலிப்பதிவு மேசையின் ஒரு சேனல் கெட்டுப்போயிருந்ததால் அந்த வாசிப்பு கரகரவென்று கிழிந்து பதிவானது. கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. பதிவு செய்த கிளென் ஸ்னாடி அதே கிழிசலை வேண்டுமென்றே எழுப்பும் சுற்றை உருவாக்க, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் கடைக்கு வந்தது. 1977-இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் சின்னஞ்சிறு பெடல்களை வெளியிடத் தொடங்கியதும், காலடியில் நான்கைந்து பெடல்களை வரிசையாக வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று.

அதோடு ஒரு தொல்லையும் வந்தது. ஆம்ப்பின் முன்பகுதியான ப்ரீஆம்ப்பிலேயே ஓசையைக் கிழிய விடும் கிட்டார் கலைஞர்கள், எதிரொலி பெடலை ஆம்ப்புக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கிழிந்தது. ப்ரீஆம்ப்புக்கும் அதன் பின்னுள்ள பவர் ஆம்ப்புக்கும் இடையே ஒரு வாசல் திறந்து, அங்கே பெடலை வைத்தால் எதிரொலி தெளிவாகக் கேட்டது. 1980 வாக்கில் மேசா பூகியின் மார்க் வரிசை ஆம்ப்கள் இந்த ஏற்பாட்டைப் பரவலாக்கின. சென்ட் ஜாக் வழியே ஓசை வெளியே போகும். பெடல்களைக் கடந்து ரிட்டர்ன் ஜாக் வழியே உள்ளே வரும்.

பேஸ் ஆம்ப்களுக்கு இந்த வாசல் கிட்டார் உலகத்திலிருந்து கடனாக வந்தது. ஆம்பெக்கின் எஸ்.வி.டி.-சி.எல். மாதிரியில் அது ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன் என்ற பெயர்களில் இருக்கிறது. 1984-இல் தொடங்கிய எஸ்.டபிள்யூ.ஆர். நிறுவனம் வேறொரு வழியில் போனது: மூல ஓசையையும் பெடல் வழி வந்த ஓசையையும் விகிதம் பார்த்துக் கலக்கும் பிளெண்ட் திருகு. ஆகவே லூப் என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு சுற்றுகள் ஒளிந்திருக்கின்றன. பழுது தேடுவோரிடையே நிலவும் பல பிணக்குகளுக்கு இதுவே வேர்.

“லூஸ் காண்டாக்ட்தான்”

மிகப் பழைய பதில் இது. பழுது பார்க்கும் கடைகளில் முதலில் காதில் விழுவதும் இதுதான். இதன் பிறப்பிடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்; கால் அங்குல ஜாக்கே அங்கிருந்து வந்ததுதான். இந்தத் தரப்பின் வாதம் எளியது: மின்னணுச் சுற்றுகள் அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை, உலோகத்தை உலோகம் தொடும் இடங்களே முதலில் கெடுகின்றன.

லூப்பைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்குத் தனி வலு உண்டு. லூப்பில் எதுவும் செருகாதபோது ஓசை எப்படி ப்ரீஆம்ப்பிலிருந்து பவர் ஆம்ப்புக்குப் போகிறது? பெரும்பாலான ஆம்ப்களில் ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சிறு தகடு இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிளக்கைச் செருகினால் தகடு விலகும். உருவினால் மறுபடி தொடும். லூப்பையே பயன்படுத்தாதவரின் ஓசைகூட இந்தத் தகட்டைக் கடந்துதான் போகிறது. வருடக்கணக்கில் யாரும் பிளக் செருகாவிட்டால் தகடுகளின் மேல் படலம் படிகிறது. ஓசை குறையும், விட்டு விட்டு வரும், சில ஸ்வரங்களில் கரகரக்கும். பெடல்களைக் கழற்றிய பிறகும் கோளாறு போகவில்லை என்ற புகாருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை. சோதனையும் ஒரு நிமிட வேலை: சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு பேட்ச் கார்டைச் செருக வேண்டும். ஓசை உயிர்த்தெழுந்தால் குற்றவாளி அந்தத் தகடுதான்.

தோல் நகரங்களில் இந்தப் படலம் ஏன் கூடுதல் கவனம் பெற வேண்டும் என்பதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்த நீர் அமிலத்தோடு சேரும்போதும், கழிவுத் தொட்டிகளில் காற்றில்லாமல் தேங்கும்போதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழுகிறது. அந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். மின்னணுக் கருவிகள் இயங்கும் அறைகளின் காற்றைத் தரம் பிரிக்கும் ஐ.எஸ்.ஏ. 71.04 என்ற தர அளவுகோல், இந்த வாயு நூறு கோடியில் மூன்று பங்குக்குள் இருந்தால்தான் அந்த இடத்தை மிதமானது என்று ஏற்கிறது. மனித மூக்கு அழுகிய முட்டை வாடையை உணரத் தொடங்கும் அளவும் ஏறத்தாழ அதுவே. வாடை தெரிகிற இடத்தில் வெள்ளிப் பூச்சுள்ள தொடுமுனை பத்திரமாக இல்லை என்று இதற்குப் பொருள். 2006-இல் ஐரோப்பா மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு, வெள்ளிப் பூச்சுள்ள சுற்றுப் பலகைகள் பெருகின. காகித ஆலைகளிலும், கந்தகம் கலந்த களிமண்ணால் கார் மாதிரிகள் செய்யும் கூடங்களிலும் அந்தப் பலகைகள் சீக்கிரமே கறுத்துச் செயலிழந்தன. ஆக, கந்தகக் காற்று மின்னணுக் கருவியைக் கெடுக்கும் என்பதற்கு வெறும் ஊகத்தைவிட உறுதியான அடிப்படை இருக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. விளக்கு ஸ்விட்ச்சில் ஓடும் மின்சாரம் தன் பொறியாலேயே படலத்தை எரித்து வழி திறந்துகொள்ளும். லூப்பில் ஓடும் சமிக்ஞைக்கு அந்தத் தெம்பு கிடையாது. கண்ணுக்குத் தெரியாத படலம்கூட அதைத் தடுத்துவிடும்.

இந்தத் தரப்பின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, தோல் ஷாப்பு எனப்படும் பதனிடும் ஆலைகளின் பக்கம் வீசும் வாடை முழுக்க ஹைட்ரஜன் சல்ஃபைடு அல்ல. அம்மோனியாவும் அழுகல் வாயுக்களும் அதில் கலந்திருக்கின்றன. இரண்டாவது, ஜாக்குகள் எல்லாம் வெள்ளிப் பூச்சுள்ளவை அல்ல. நிக்கல் பூச்சு கந்தகத்தை ஓரளவு தாங்கும். அதன் எதிரி, அதிர்வால் ஏற்படும் உரசல் தேய்மானம். பேஸ் ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும் ஆம்ப்புக்கு அதிர்வுக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது, எல்லாவற்றுக்கும் ஸ்ப்ரே அடிப்பதே வைத்தியம் என்ற பழக்கம். வெள்ளி சல்ஃபைடு சாதாரண ஆல்கஹாலில் கரையாது. காண்டாக்ட் கிளீனர் அடித்துவிட்டுப் பிளக்கைப் பத்துப் பதினைந்து முறை செருகி உருவினால்தான் தகடுகள் உரசித் துலங்கும். பொதுவான துரு எண்ணெயை அடித்தால் அது பிசுபிசுப்பாகத் தங்கித் தூசியைச் சேர்க்கும். தகடு தன் விறைப்பை இழந்திருந்தால் ஜாக்கையே மாற்றி ஈயம் வைப்பதுதான் வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெடல்கள் செருகியிருக்கும்போது மட்டும் வரும் கோளாறை இந்தத் தகடு விளக்காது. அப்போது தகடு பாதையிலேயே இல்லை.

அளவு ஒத்துவரவில்லை

இரண்டாவது தரப்பு ஸ்டூடியோவில் பிறந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் சட்டத்தில் அடுக்கும் ரேக் கருவிகள் லைன் லெவல் எனப்படும் வலுவான சமிக்ஞையை எதிர்பார்ப்பவை. தொழில்முறை அளவு 1.23 வோல்ட், வீட்டு உபயோக அளவு சுமார் 0.32 வோல்ட். தரைப் பெடல்கள் கிட்டாரிலிருந்து நேராக வரும் மெல்லிய சமிக்ஞைக்காகச் செய்யப்பட்டவை. பல ஆம்ப்களின் லூப்புகள் ரேக் கருவிகளை மனதில் வைத்து உருவானவை. அந்த லூப்பில் 9 வோல்ட் பெடலை வைத்தால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 வோல்ட்டில் இயங்கும் சாதாரண ஆப்-ஆம்ப் சுற்று மேலிருந்து கீழ்வரை ஆறு வோல்ட் அளவுக்கே ஓசையை ஆட்ட முடியும். ஆர்.எம்.எஸ். கணக்கில் அது சுமார் 2.1 வோல்ட். சென்ட்டிலிருந்து 1.23 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பியை ஓங்கி அடிக்கும் கணத்தில் பேஸ் ஓசை இயல்பாகவே நான்கு மடங்கு எகிறும். அப்போது பெடல் கேட்க வேண்டியது ஐந்து வோல்ட்; அதனால் தாங்க முடிந்தது இரண்டு. மீதி கிழிகிறது. மென்மையாக வாசித்தால் தெளிவாகவும், அழுத்தினால் மட்டும் உடைந்தும் ஒலிக்கும் பெடலுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். ப்ரீஆம்ப்பின் கெயினைக் குறைத்து மாஸ்டரைக் கூட்டினால் கோளாறு மறைகிறதா என்று பார்ப்பதே சோதனை. 18 வோல்ட் ஏற்கும் பெடல் என்றால் அதற்கு அந்த மின்னழுத்தத்தையே கொடுத்துப் பார்க்கலாம். ஏற்காத பெடலுக்குக் கொடுத்தால் அது புகைந்துவிடக்கூடும்.

இதே பொருத்தமின்மை தலைகீழாகவும் வரும். கம்ப்ரஸரும் என்வலப் ஃபில்டரும் விரல் அழுத்தத்தைக் கணித்து இயங்குபவை. லூப்பின் வலுவான சமிக்ஞையில் அவை எப்போதும் முழுக்கத் திறந்தே நிற்கும், அல்லது முழுக்க அமுங்கியே கிடக்கும். பெடல் கெட்டுப்போயிற்று என்று மாற்றப்படுபவற்றில் சில உண்மையில் கெடவே இல்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

நீள வயர் ஓசையைத் தின்கிறது என்ற குற்றச்சாட்டும் இந்தத் தரப்பிலிருந்து வருவதுதான். அதில் பாதிதான் உண்மை. வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் கொண்டது. பாசிவ் பேஸில் 250 கிலோஓம் வால்யூம் திருகைப் பாதித் தடையில் நிறுத்தி ஆறு மீட்டர் வயர் போட்டால், நான்காயிரம் ஹெர்ட்ஸ் சுற்றளவிலிருந்தே மேல் ஒலிகள் மங்கத் தொடங்கும். சென்ட் ஜாக்கின் தடை இதைவிட மிகக் குறைவு. அங்கிருந்து பெடலுக்குப் பன்னிரண்டு மீட்டர் போய் வந்தாலும் பேஸ் ஓசைக்கு இழப்பு அதிகம் இராது. லூப் வயர்களை வாங்கி வாங்கி மாற்றுவதால் ஓசை துலங்கும் என்று எதிர்பார்ப்பதற்கு, வயர் உடைந்திருந்தாலன்றி, நியாயம் குறைவு.

எர்த்தும் உறுமலும்

இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியில் மூன்றாம் கட்டையில் பிறக்கும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். உறுமலும் அந்த ஸ்வரமும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றன. 60 ஹெர்ட்ஸ் நாட்டவர் எழுதும் கையேடுகளில் இந்த நெருக்கம் பேசப்படுவதில்லை. அங்கே உறுமல் பி ஃபிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் விழுகிறது. கிட்டாரில் அடித்தொனியை வெட்டி உறுமலை மறைத்துவிடலாம். பேஸில் உறுமலை வெட்டினால் இசையின் அடித்தளமும் சேர்ந்து போகும். ஆகவே மறைப்பதைவிட மூலத்தைத் தேடுவதே பேஸுக்கு வழி.

கைபேசியில் உள்ள டியூனர் செயலியே இதற்கு உதவும். உறுமலைக் கேட்க விட்டால் அது ஜி என்றும், சுருதி அளவில் 35 சென்ட் கூடுதல் என்றும் காட்டும். கீழ் ஜி என்றால் 50 ஹெர்ட்ஸ். எர்த் லூப்போ, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ சந்தேகத்துக்குரியது. ஒரு ஸ்தாயி மேலே என்றால் 100 ஹெர்ட்ஸ். ஆம்ப்பின் அல்லது அடாப்டரின் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இது முடிவான தீர்ப்பு அல்ல. எர்த் லூப்பும் மேல் அதிர்வுகளைச் சேர்த்தே எழுப்பும். முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எஃபெக்ட்ஸ் லூப் தன் அமைப்பாலேயே எர்த் லூப்பை அழைக்கிறது. சென்ட் வயரின் கவசமும் ரிட்டர்ன் வயரின் கவசமும் ஆம்ப்பின் ஒரே சேஸிஸில் போய்ச் சேர்கின்றன. மறுமுனையில் பெடல்கள் அவற்றை இணைக்கின்றன. இப்படி ஒரு மூடிய வளையம் உருவாகிறது. இரண்டு வயர்களும் மேடையில் ஆளுக்கொரு பக்கம் விரிந்து கிடந்தால், வளையத்தின் பரப்பு பெருகி, காந்தப்புலத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து முறுக்கியோ டேப் சுற்றியோ ஓட்டினாலே உறுமல் பல சமயம் பாதியாகிவிடும். செலவே இல்லாத இந்த வைத்தியம் மேடைகளில் மிகக் குறைவாகவே கையாளப்படுகிறது. சில பெடல்கள் ஆம்ப்புக்கு முன்னும் சில லூப்பிலும் இருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக மின்சாரம் போனால், அடாப்டர் வழியாக இன்னொரு வளையம் பிறக்கிறது. தனித்தனி வெளியீடு கொண்ட பவர் சப்ளை இதற்கு மருந்து.

இந்தத் தரப்புக்குக் கோட்பாட்டு வலிமை கொடுத்தவர்களில் நீல் மன்சி முக்கியமானவர். கவசத்தின் மின்னோட்டம் கருவியின் உள் சுற்றில் நுழைவதுதான் பெரும்பாலான உறுமலுக்குக் காரணம் என்று 1995-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய கட்டுரை வாதிட்டது. கவசம் முதலில் சேஸிஸைத் தொட வேண்டும், சுற்றின் பலகையை அல்ல. மலிவான பெடல்களிலும் ஆம்ப்களிலும் பிளாஸ்டிக் ஜாக்குகள் நேராகப் பலகையில் ஏறியிருப்பதால் இந்தக் குறை இன்றும் தொடர்கிறது.

கோட்பாடு இப்படி இருக்க, நடைமுறையில் வேரூன்றிய வைத்தியம் வேறு: பிளக்கின் எர்த் பின்னைத் தவிர்ப்பது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டர் வழியாகச் செருகினால் வளையம் அறுந்து உறுமல் நிற்கும். இதை ஒரு தரப்பாக மதித்து விவாதிக்கவே கூடாது. எர்த் இல்லாத ஆம்ப்பின் சேஸிஸ், அதன் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியே 115 வோல்ட் வரை மிதக்கக்கூடும். கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று இழுப்பது இதனால்தான். அது பெரும்பாலும் சிறு மின்னோட்டம். ஆனால் உள்ளே ஒரு இன்சுலேஷன் உடைந்தால் முழு 230 வோல்ட்டும் கம்பிக்கு வரும். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். உறுமலை நிறுத்த வேண்டுமானால் சமிக்ஞைப் பாதையில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ரிட்டர்ன் வயரின் கவசத்தை ஒரு முனையில் மட்டும் விலக்கலாம். மின்சாரத்தின் எர்த்தைத் தொடக் கூடாது.

அந்த எர்த் சுவருக்குப் பின்னால் உண்மையிலேயே இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. எர்த்திங் முறைக்கென்று ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கும் எர்த் குழி பழைய கட்டடங்களில் இன்றும் உண்டு. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவின் உப்பு நிலத்தடி நீரில் ஏறியதை 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பு நாடறியச் செய்தது. உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும், ஆகவே எர்த்துக்கு நல்லது என்று தோன்றும். அதே உப்பு கால்வனைஸ் குழாயை வேகமாக அரிக்கும். புதிதில் அருமையாக இருந்த எர்த், சில ஆண்டுகளில் பெயரளவுக்கு மட்டும் மிஞ்சக்கூடும். மூன்று துளை இருப்பதாலேயே பாயின்ட்டில் எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. மின்சாரத்தின் ஃபேஸ் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 230-க்கு அருகே காட்டுகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்துச் சொல்வது, பெடலைத் திறப்பதற்கு முந்தைய வேலை.

இந்தத் தரப்பின் எல்லையும் தெளிவு. எர்த் கோளாறு ஓசையைக் கூட்டும், குறைக்காது. மெலிந்த ஓசைக்கும் தொலைந்த அடித்தொனிக்கும் எர்த்தைக் குற்றம் சொல்வது நேர விரயம்.

இணை லூப்பின் தனிக் கணக்கு

பிளெண்ட் திருகு உள்ள ஆம்ப்களில் மட்டும் எழும் சிக்கல் இது. மூல ஓசையும் பெடல் வழி ஓசையும் கலக்கும் இடத்தில், பெடல் அலையைத் தலைகீழாகத் திருப்பித் தந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கீழ்ஸ்தாயி முதலில் போகும். டிஜிட்டல் பெடல்கள் ஓசையை எண்ணாக்கி மீண்டும் ஓசையாக்க ஓரிரு மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கின்றன. ஒரு மில்லிசெகண்ட் தாமதம் 500 ஹெர்ட்ஸில் ஒரு குழியைத் தோண்டும். இரண்டு மில்லிசெகண்ட் என்றால் குழி 250 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அது பேஸின் நடுப்பகுதி. பிளெண்டை முழுக்கப் பெடல் வழி ஓசையின் பக்கம் திருப்பினால் அடித்தொனி திரும்புகிறதா என்று பார்ப்பது போதும். பெடலில் கைவைக்க வேண்டியதில்லை.

லூப்பே வேண்டாம் என்போர்

பேஸுக்கு லூப் தேவையே இல்லை என்ற தரப்புக்கும் ஆதரவாளர்கள் ஏராளம். கிட்டார் ஆம்ப்பின் ப்ரீஆம்ப் கிழிகிறது, அதனால் வாசல் தேவைப்பட்டது. பேஸ் ஆம்ப்பின் ப்ரீஆம்ப் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது, பிறகு எதற்கு என்கிறார்கள். தமிழ்ப் பாட்டு வாசிப்பவர்களுக்கு இந்த வாதம் இன்னும் பொருந்தும். இளையராஜாவின் இசையில் சசிதரனின் பேஸ் தனிக் குரலாக எழுந்து நின்றதும், ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும், பெரும்பாலும் விரலின் தெளிவால் நினைவில் நிற்கும் ஓசைகள். மறுபக்கம், 1992-இன் ‘ரோஜா’வுக்குப் பிறகு சின்தசைசர் பேஸ் பெருகிய பாடல்களை மெல்லிசை மேடையில் நான்கு கம்பியில் எழுப்ப வேண்டியவருக்கு ஆக்டேவ் பெடலும் ஃபில்டரும் துணைக்கு வேண்டியிருக்கிறது. பாஸின் ஓ.சி.-2 போன்ற ஆக்டேவ் பெடல்கள் கலப்பில்லாத மூல ஓசையைக் கேட்டால்தான் ஸ்வரத்தைச் சரியாகப் பிடிக்கும். அவற்றின் இடமும் ஆம்ப்புக்கு முன்புதான். கோரஸ், எதிரொலி, ரிவெர்ப் மட்டுமே லூப்புக்கு நியாயமான உரிமை கோருகின்றன.

இந்தத் தரப்பு சொல்லாமல் விடும் ஒரு வலுவான வாதம் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. அரங்கத்து ஒலி, ஆம்ப்பின் ஸ்பீக்கரிலிருந்து அல்ல, அதன் டி.ஐ. என்ற நேரடி வெளியீட்டிலிருந்து மிக்ஸருக்குப் போகிறது. அந்த வெளியீட்டை ப்ரீ என்ற நிலையில் வைத்திருந்தால் ஓசை லூப்புக்கு முன்பே பிரிந்து போய்விடும். மேடையில் நிற்பவருக்குக் கோரஸ் அழகாகக் கேட்கும். கூட்டத்துக்கு ஒரு துளியும் கேட்காது. போஸ்ட் நிலையில்கூடச் சில மாதிரிகள் லூப்பைச் சேர்க்கும், சில சேர்க்காது. ஆராதனையிலும் கச்சேரியிலும் மிக்ஸரில் இருப்பவர் வழக்கமாகக் கேட்பது ப்ரீ. பெடல் வேலை செய்யவில்லை என்ற புகாரின் ஒரு பகுதி இங்கேதான் முடிகிறது. பழுது என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் லூப்பை ஒதுக்குவது பழுதைத் தீர்க்காது. ரிட்டர்ன் ஜாக்கின் தகடு, லூப்பைத் தொடாதவரின் பாதையிலும் இருக்கிறது.

எந்த வரிசையில் தேடுவது

அமெரிக்க ரேடியோ நூலாசிரியர் ஜான் ரைடர் 1939-இல் ஒரு முறையை நூலாக வகுத்தார்: பாகம் பாகமாகச் சந்தேகிக்காமல், சமிக்ஞை எதுவரை நன்றாக வருகிறது என்று தொடர்ந்து போய்ப் பார்ப்பது. பின்னர் அது சங்கிலியை நடுவில் பிளந்து, நல்ல பாதியை ஒதுக்கி, கெட்ட பாதியை மறுபடி பிளக்கும் வழியாகச் செம்மைப்பட்டது. எஃபெக்ட்ஸ் லூப் இதற்கு வாய்த்த இடம். சங்கிலியின் நடுவே ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கிறது. பேட்ச் கார்டு சோதனை ஒன்று. கைபேசியின் பாட்டை, ஒலியளவைக் குறைத்து, ரிட்டர்னில் விட்டால் பவர் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் நலமா என்று தெரியும். சென்ட்டிலிருந்து மிக்ஸருக்கு ஒரு வயர் போட்டால் ப்ரீஆம்ப் நலமா என்று தெரியும். ஸ்க்ரூடிரைவர் எடுக்காமலே பழுது எந்தப் பாதியில் என்று பிரிந்துவிடுகிறது. அதன் பிறகே பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எதைச் சேர்த்ததும் கோளாறு வருகிறது என்று பார்க்க வேண்டும். முடிந்தால் ஒவ்வொன்றையும் முதலில் பேட்டரியில் இயக்கிப் பார்ப்பது நல்லது. பேட்டரியில் உறுமாத பெடல் அடாப்டரில் உறுமினால் பெடல் குற்றமற்றது.

தோல் நகரங்களுக்கு இந்த வரிசையில் இரண்டு மாற்றங்களைப் பரிந்துரைக்கலாம். பிளக் பாயின்ட்டின் எர்த்தைச் சோதிப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும். அது ஓசைக்காக மட்டுமல்ல. தகடுகளைத் துலக்குவது, பழுது வந்த பிறகு செய்யும் வேலையாக இல்லாமல், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் செய்யும் பராமரிப்பாக மாற வேண்டும். ஈரம் சேர்ந்தால் கந்தகப் படலம் வேகமாகப் படியும்.

தீராமல் நிற்பவை

காரணங்களைப் பற்றிய தகராறு பெருமளவு தீர்ந்துவிட்டது என்றே சொல்லலாம். மெலிந்த ஓசைக்குத் தகடு, உடையும் ஓசைக்கு அளவு, உறுமலுக்கு எர்த், தொலைந்த அடித்தொனிக்கு இணை லூப் என்று அறிகுறியோடு காரணத்தைச் சேர்ப்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இரண்டு காரணங்கள் ஒன்றாக வரும்போதுதான் பிரித்தறிவது கடினமாகிறது. படலம் படிந்த தொடுமுனை ஓசையைக் குறைப்பதோடு அதைக் கிழியவும் விடும். அது அளவுக் கோளாறு போலவே காதில் விழும்.

ஆம்ப் தயாரிப்பாளர்கள் தம் லூப்பின் அளவையும், டி.ஐ. எந்த இடத்தில் பிரிகிறது என்பதையும் பின்பலகையிலேயே அச்சிட்டால் பாதிப் புகார்கள் எழாமலே போகும். சில கையேடுகளில் இந்த விவரம் இருக்கிறது. வாடகை ஆம்ப்போடு கையேடு வருவதில்லை. இதைக் கட்டாயமாக்கும் பொதுத் தரம் எதுவும் உருவாகவில்லை.

காற்றின் பங்கு எவ்வளவு என்பதும் திறந்தே கிடக்கிறது. ஆம்பூரில் கெடும் ஜாக்குகளில் எத்தனை கந்தகத்தால், எத்தனை அதிர்வால், எத்தனை வெறும் முதுமையால் என்று பிரித்துச் சொல்ல அளவீடு வேண்டும். வழி எளியது. ஐ.எஸ்.ஏ. முறையில் செம்புத் தகடு ஒன்றையும் வெள்ளித் தகடு ஒன்றையும் முப்பது நாள் தொங்கவிட்டு, படிந்த படலத்தின் தடிமனை ஆய்வகத்தில் அளக்கிறார்கள். செம்பில் அது 300 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் இடம் பத்திரமானது. தோல் ஷாப்புகளுக்கு அருகிலுள்ள ஒரு தேவாலயத்திலும், ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்திலும், வேலூர் நகருக்குள் ஒரு கல்லூரி அரங்கிலும் ஒரே சமயத்தில், ஒரு முறை கோடையிலும் ஒரு முறை ஐப்பசி மழையிலும், இந்தத் தகடுகளைத் தொங்கவிட்டால் போதும். பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டப்பணிக்கு அடங்கும் வேலை இது. அதன் முடிவு பேஸ் வாசிப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், இந்த ஊர்களில் மருத்துவக் கருவிகளையும் கணினிகளையும் பராமரிப்பவர்களுக்கும் பயன்படும்.